நாலாவது எடை

ஒரே ஒரு பேப்பர். இன்ஜினியரிங் முடித்து ஒன்பது வருஷம் ஆகியும் கணக்கில் ஒரு அரியர் என்னை விடவில்லை. எட்டு முறை எழுதினேன், எட்டு முறையும் ஃபெயில். பழைய அரியர்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வாய்ப்பு என்று இந்த வருஷம் அறிவித்தார்கள். இதிலும் போனால் டிகிரி கிடையாது. விக்கிரவாண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில், சர்டிபிகேட் கொண்டுவந்தால் சூப்பர்வைசர், இல்லையென்றால் காலத்துக்கும் ஹெல்பர்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைக் கவிழ்ப்பது எப்போதும் மேட்ரிக்ஸின் ரேங்க் கணக்குதான். முறை எனக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு வரிசையைப் பெருக்கி இன்னொன்றிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். முழுக்கச் சைபர் ஆகாமல் எத்தனை வரிசை மிஞ்சுகிறதோ அதுதான் ரேங்க். நான் போட்டால் கடைசி வரிசை மொத்தமும் சைபராகிவிடும். கொடுத்த வரிசை எப்படிக் காணாமல் போகும்? எங்கோ சொதப்பிவிட்டேன் என்று அடித்துவிட்டு மறுபடி போடுவேன். மறுபடியும் சைபர். மூன்றாம் தடவை பதற்றத்தில் உண்மையாகவே தப்பு செய்து, சைபர் வராததைப் பார்த்து நிம்மதி அடைவேன். அதற்குள் பாதி நேரம் போயிருக்கும்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது கெடாரில் எங்கள் வீட்டு வாசலில் நான்கு மூட்டை மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வந்து இறங்கியது. என் மனைவி வெண்ணிலா நிலத்தைச் சமமாக நான்காகப் பிரித்து நான்கு ரக விதை போட்டிருந்தாள். எந்த ரகம் அதிகம் காய்த்தது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. எங்கள் பழைய எடை மெஷினில் ஐம்பது கிலோவுக்குக் கீழே வைத்தால் முள் அசையாது. மூட்டையோ நாற்பதை ஒட்டித்தான் இருக்கும். அதனால் இரண்டிரண்டாக ஏற்றி நிறுத்துவிட்டாள். ஒன்றும் இரண்டும் 78. இரண்டும் மூன்றும் 81. மூன்றும் நான்கும் 84. நான்கும் ஒன்றும் 81.

“மாமா, நாலு மூட்ட, நாலு எட. தனித்தனியா இன்னா வருதுன்னு போட்டுச் சொல்லு. இன்ஜினியருதான நீ?”

போட்டேன். கழித்துக்கொண்டே வந்தால் கடைசி வரி சைபர். அடித்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் சைபர். பேனாவை வீசிவிட்டேன்.

“பேஜாரு பண்ணாத வெண்ணிலா. நீ தப்பா நிறுத்துட்ட.”

“நான் நிறுத்தது கரெக்டுதான்” என்று அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். வாய்க்குள்ளேயே கூட்டிப் பார்த்தாள். “ஐய, நாலாவது தடவ தூக்குனது வேஸ்ட்டு மாமா.”

“ஏன்?”

“மொத எடையும் மூணாவது எடையும் சேத்தா நாலு மூட்டையும் வந்துடுது. நூத்தி அறுவத்தி ரெண்டு. அதுல ரெண்டாவது எடைய கழிச்சா எம்பத்தி ஒண்ணு. தூக்காமலே சொல்லியிருக்கலாம். நாலாவது எட புதுசா ஒண்ணும் சொல்லல, சொன்னதையே சொல்லிக்கினு நிக்குது. அதான் உனக்கு சைபர் வருது.”

அவள் அதோடு விடவில்லை.

“ஒண்ணாவது மூட்டையில ஒரு கிலோ ஏத்து, ரெண்டுல ஒரு கிலோ எறக்கு. மூணுல ஏத்து, நாலுல எறக்கு. நாலு எடையும் அப்படியேதான இருக்கும்? மெஷினுக்குத் தெரியவே தெரியாது.”

ரேங்கோடு கூடவே நல்லிட்டி (nullity) என்று ஒன்பது வருஷமாக மனப்பாடம் செய்த சொல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உருப்படியாகச் சேதி சொன்ன எடைகள் மூன்று, அது ரேங்க். இந்த எடைகளுக்குப் பிடிபடாமல் ஏறி இறங்குவது ஒன்று, அது நல்லிட்டி. மூன்றும் ஒன்றும் சேர்ந்தால் மூட்டைகளின் எண்ணிக்கை.

“அப்ப புதுசா ஒரே ஒரு சேதி தெரிஞ்சா போதும்” என்றேன்.

வெண்ணிலா மெஷின்மேல் ஏறி நின்றாள். முள்ளைப் பார்த்துக்கொண்டு, முதல் மூட்டையை அவள் பக்கத்தில் தூக்கி வைத்தேன். முப்பத்தெட்டு கூடியது. மற்றவை மளமளவென்று வந்தன: நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்து மூன்று. வெண்ணிலாவின் எடை எவ்வளவு என்று இங்கே எழுத எனக்குத் தைரியம் இல்லை.

பரீட்சை திண்டிவனத்தில். விழுப்புரத்தில் பஸ் மாறிப் போய் உட்கார்ந்தேன். நான்குக்கு நான்கு மேட்ரிக்ஸ். ரேங்கும் நல்லிட்டியும் காண்க. கடைசி வரிசை சைபராகியது. பழக்கத்தில் கை அடிக்கப் போனது. பிடித்து நிறுத்தினேன். ரேங்க் மூன்று, நல்லிட்டி ஒன்று என்று எழுதி, அடுத்த கேள்விக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கணக்குப் பேப்பரை மணி அடிப்பதற்கு முன்பே முடித்தேன்.

ரிசல்ட்டைப் போனில் பார்த்ததும் வயலுக்கு ஓடினேன். வெண்ணிலா களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

“பாஸு! உன்னாலதான்.”

அவள் சிரித்தாள். பிறகு எதையோ யோசித்து நிமிர்ந்தாள்.

“மாமா, மின்னாடி எட்டு தடவையும் சைபர் வந்துச்சின்னுதான் அடிச்சியா?”

“ஆமா.”

“அப்ப எட்டு தடவையும் மொதல்ல நீ சரியாத்தான் போட்டிருக்க.”

இதை நான் யோசித்ததே இல்லை. மக்கு என்று எனக்கு நானே பேர் வைத்துக்கொண்டு ஒன்பது வருஷம் ஊரில் தலை குனிந்து நடந்தவன் நான். டிகிரியைப் பல்கலைக்கழகம் கொடுக்கும், அதற்கு நன்றி சொல்லிவிடலாம். அந்தப் பேரை என்மேலிருந்து எடுத்துப் போட்டவளுக்கு எப்படிச் சொல்வது? வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

“பாஸாயிட்டு யார்னா அழுவாங்களா?” என்று சேற்றுக் கையால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.