சஹனில் ஓர் இடம்

"உன்னுடைய சனம் யார்?" என்று கத்ரீனா ஒரு நாள் என்னிடம் கேட்டார். நான் அவருடைய விடுதி அறையில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு இங்கிலீஷ் விளங்கும், பேச வராது. புசல்லாவைத் தோட்டம் என்று மட்டும் சொன்னேன். அவர் விடவில்லை. நானும் கைரியா ராத்தாவும் ஒரே பாஷைதானே பேசுகிறோம், அப்படியென்றால் ஒரே சனமா என்றார். கதவடியில் நின்ற ராத்தாதான் பதில் சொன்னார். இல்லை, தாங்கள் முஸ்லிம், இவள் தோட்டத்துத் தமிழ், பாஷை வேறு சனம் வேறு என்றார். கத்ரீனா சிரிக்கவில்லை.

கண்டியில் ராத்தா நடத்திய விடுதியில் நான் வேலைக்கு இருந்தேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். அது தொண்ணூற்றாறு டிசம்பர். சண்டையால் வெளிநாட்டார் வரத்துக் குறைந்து, மேல்மாடியில் இரண்டே பேர் தங்கியிருந்தார்கள். இரண்டு பேரும் தென்னாப்பிரிக்கா. கத்ரீனா என்னைப் போல மாநிறம், தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். தியூனிஸ் வயதான வெள்ளைக்காரர். அவருடைய பாட்டனை இங்கிலீஷ்காரர்கள் போரில் பிடித்துக் கப்பலில் கொண்டுவந்து தியத்தலாவையில் அடைத்து வைத்திருந்தார்களாம். அந்த இடத்தைப் பார்க்க வந்திருந்தார்.

முதல் நாள் காலைச் சாப்பாட்டில் பாண் கருகிவிட்டதென்று கத்ரீனா தன் பாஷையில் முணுமுணுத்தார். அடுத்த மேசையிலிருந்த தியூனிஸ் துள்ளி எழுந்தார். அவருடைய பாஷையும் அதுதான். அதன்பின் இரண்டு பேரும் தினமும் கதைத்துச் சிரித்தார்கள்.

"ஃபொல்க்" என்ற சொல்லைத் தியூனிஸ்தான் எங்களுக்குச் சொன்னார். சனம் என்று அர்த்தமா என்று ராத்தா கேட்டதற்கு இல்லையென்று தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஏறுகிறவர்களும் சனம்தான், ஃபொல்க் அப்படியல்ல, ஒரே பாஷை, ஒரே வேதம், சேர்ந்து பட்ட துன்பம், அதிலிருந்து உண்டானது என்றார். டிசம்பர் பதினாறு அந்த ஃபொல்க்கின் நாள். முன்னோர்கள் ஒரு சண்டைக்கு முன் கடவுளுக்கு நேர்ந்துகொண்டு ஜெயித்த நாள். அதை ஒரு வருடமும் விட்டதில்லையாம்.

கத்ரீனா அதே சொல்லைக் குசினியில் வைத்து வேறு விதமாகச் சொன்னார். அவர் பிறந்தது ஒரு திராட்சைத் தோட்டத்தில். வெள்ளைக்கார முதலாளி தன் கூலியாட்களையும் "என் ஃபொல்க்" என்பாராம்.

"நம்மட தொரமார் 'மை லேபர்' எண்டு சொல்ற மாதிரி," என்று ராத்தா என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

டிசம்பர் பதினாறில் முதலாளி வீட்டில் விருந்து நடக்கும். கத்ரீனாவின் அம்மா சமைப்பார். பிள்ளைகள் குசினி யன்னலால் எட்டிப் பார்ப்பார்கள். மேசைக்கு யாரும் கூப்பிட்டதில்லை. "இப்போது எங்கள் நாட்டில் வெள்ளைக்காரர் ஆட்சி போய்விட்டது," என்றார் கத்ரீனா. "தியூனிஸ் கூப்பிடுவாரா என்று பார்க்க வேண்டும்."

பதினைந்தாம் தேதி தியூனிஸ் ராத்தாவிடம் வந்து, நாளை மத்தியானம் தன் ஃபொல்க்குக்காக நல்ல சாப்பாடு வேண்டும் என்றார். ராத்தா அதை இரண்டு பேருக்கும் என்று எடுத்துக்கொண்டார். கத்ரீனாவிடம் போய், தியூனிஸ் சேர் உங்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்றும் சொல்லிவிட்டார். கத்ரீனா என்னிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டு வாங்கினார்.

"தனித்தனித் தட்டு வைப்போமா ராத்தா? வெள்ளக்காரரு கீழ உக்காருவாரா?" என்று, பெரிய தாம்பாளத்தை இறக்கிய ராத்தாவிடம் கேட்டேன்.

"அவங்க பாஷயும் ஒண்டு, வேதமும் ஒண்டு. ஒரே ஆக்களுக்கு என்னத்துக்குப் புள்ள ரெண்டு தட்டு? சஹன் வைப்போம். முட்டுக்கால் நோவுண்டா தலகாணி குடு."

சஹன் என்பது பெரிய தாம்பாளம். நடுவில் சோறும் இறைச்சியும் குவித்திருக்கும். சுற்றியிருந்து எல்லாரும் அதிலேயே கை வைத்துச் சாப்பிடுவார்கள். ராத்தா வீட்டுக் கலியாணங்களில் நான் தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறேன். உட்கார்ந்ததில்லை.

மறுநாள் கத்ரீனா நீலச் சட்டையில் இறங்கி வந்தார். நான் தண்ணீர் ஊற்ற, கை கழுவிப் பாயில் உட்கார்ந்தார். தியூனிஸ் வேதப் புத்தகத்தோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏதோ தவறு நடந்திருக்கிறது," என்றார்.

கத்ரீனா ராத்தாவைப் பார்த்தார். ராத்தாவின் முகம் வெளிறிப் போனது. தியூனிஸ் கோபப்படவில்லை. கத்ரீனா நல்ல பெண், பாஷையை அழகாகப் பேசுகிறார், நாளைக்கு ஒன்றாகக் கோப்பி குடிக்கலாம், ஆனால் இன்று ஃபொல்க்கின் நாள் என்றார். பிறகு ராத்தாவிடம், "நீங்களே சொன்னீர்களாமே, பாஷை வேறு சனம் வேறு என்று. கத்ரீனா சொன்னார்," என்றார்.

கத்ரீனா எழும்பக் கையை ஊன்றினார். ராத்தா அவருடைய தோளைப் பிடித்து இருத்தினார். "கை கழுவி இருந்தவங்கள சஹன்ல இருந்து எழுப்புறல்ல," என்று தமிழிலேயே சொன்னார். பிறகு தானும் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தார்.

"என்ன புள்ள பாத்துக்கிட்டு நிக்கிறாய்? கையக் கழுவு."

"நானா ராத்தா?"

"வேற ஆரு? ரெண்டு பேருக்கு இவ்வளவு சோறா? இரி!"

நான் கையைக் கழுவி, சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன். எங்களுக்கு எதிரே தலையணை போட்ட இடம் காலியாக இருந்தது. நல்ல துண்டை எடுத்துப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது சஹன் வழக்கம். ராத்தா கத்ரீனாவுக்கு ஒரு துண்டு தள்ளினார். கத்ரீனா அதை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தாம்பாளத்தின் குறுக்கே நகர்த்தி, அந்தக் காலி இடத்துக்கு நேரே வைத்தார். தலையணையைக் காட்டி, அவர்களுடைய பாஷையில் தியூனிஸிடம் ஏதோ சின்னதாகச் சொன்னார்.

தியூனிஸ் அந்தத் துண்டையும் தலையணையையும் பார்த்தார். புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறிப் போனார்.