லெஃப்ட் கார்டுக்கு ஒரு பொன்னாடை

பொன்னாடையை விரித்துக்கொண்டு அப்பாவின் சவப்பெட்டியை நெருங்கிய தமிழ்ச் சங்கத் தலைவர் குகதாசனின் மணிக்கட்டைச் சாரங்கி எட்டிப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவருடைய கைக்கடிகாரம் மேலே ஏறிவிட்டது.

"வேண்டாம் அங்கிள்."

"என்ன பிள்ளை, இது சங்கத்தின்ரை மரியாதை."

"அப்பாவுக்கு வேண்டாம்."

டென்மார்க்கின் கிரின்ஸ்டெட் நகர அஞ்சலி மண்டபத்தில் அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. முறைப்பதா சிரிப்பதா என்று தலைவருக்குத் தெரியவில்லை. பேச்சுகள் முடியட்டும், பிறகு போர்த்தலாம் என்று முணுமுணுத்துவிட்டு, பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒலிவாங்கிப் பக்கம் போனார்.

"ஆக்கள் பாக்கினம். பேசாமல் இரு," என்று அம்மா தவமலர் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். சாரங்கி உட்கார்ந்தாள். உடம்பெல்லாம் கொதித்தது.

சங்கம் தொடங்கிய நாளிலிருந்து பொங்கல் விழாவோ வாணி விழாவோ, எதுவானாலும் முதல் ஆளாகப் போய் மண்டபத்தைத் திறந்து கதிரை அடுக்கியவர் அப்பா. எல்லாரும் சாப்பாட்டுப் பொதியோடு காருக்குப் போனபிறகு, கதிரைகளை மடித்து உள்ளே ஏற்றிவிட்டு விளக்கை அணைத்தவரும் அவர்தான். ஆண்டு விழா மேடையில் தலைவர் செயலாளருக்குப் போர்த்துவார், செயலாளர் பொருளாளருக்குப் போர்த்துவார், பொருளாளர் சுற்றிவந்து தலைவருக்குப் போர்த்துவார். ஒரே பொன்னாடையைத்தான் வருடாவருடம் துவைத்துப் போர்த்துகிறார்களோ என்று சாரங்கிக்குச் சந்தேகம். சபாநாதன் என்ற பெயரை மட்டும் அந்த மேடையில் ஒருநாளும் ஒருவரும் கூப்பிடவில்லை.

அப்பா வாய்விட்டுக் குறை சொன்னதில்லை. முழங்காலில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கச் சோபாவில் கிடந்தபோது அமெரிக்கன் ஃபுட்போல் அவரைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து சாரங்கியும் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். உலகமே பந்தை எறிகிறவனைப் பார்க்க, அப்பா அவனுக்கு முன்னால் இடப்பக்கம் காவல் நிற்கும் லெஃப்ட் கார்டைப் பார்த்தார். பந்தோடு அவனுக்கு அலுவல் இல்லை. எறிகிறவனை எதிரணி நெருங்காமல் முட்டி மோதித் தடுப்பதுதான் அவன் வேலை. ஜனவரி வந்தால், அந்தப் பருவத்தில் ஒவ்வோர் இடத்திலும் திறமாக ஆடியவன் யார் என்று செய்தியாளர்கள் வாக்களித்து ஓல்-ப்ரோ பட்டியலை வெளியிடுவார்கள். முதல் அணி, இரண்டாம் அணி. எறிகிறவனுக்கு ஓர் இடம் இருந்தால் லெஃப்ட் கார்டுக்கும் ஓர் இடம் இருக்கும்.

"பாத்தியா," என்பார் அப்பா. "ஆரோ இருந்து இவனையும் பாத்திருக்கிறாங்கள்."

ஒவ்வொரு வருடமும் இதையே சொல்வார், ஒவ்வொரு வருடமும் அதிசயப்பட்டே சொல்வார். இந்த வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தும் அதே ஞாபகம். "லிஸ்ட் வந்திட்டுதே? நான் சொன்னவன்தான் வருவான், இருந்து பார்." பட்டியல் வருவதற்குள் அவர் போய்விட்டார். அது வந்த அன்று ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு சாரங்கி குசினிக்குள் அடுப்படியில் நின்றாள். சொல்ல ஆள் இல்லை.

"அமரர் சபாநாதன் எங்கள் சங்கத்தின் முதுகெலும்பு," என்று தலைவர் தொடங்கினார். "அவருக்கு நான் இன்று 'சேவைச் செம்மல்' என்ற பட்டத்தை..."

உயிரோடு இருந்தபோது இந்த வாய்க்கு என்ன வந்தது? சாரங்கி பல்லைக் கடித்தாள். பொன்னாடையோடு அந்த ஆள் இன்னொரு தடவை பெட்டியருகே வந்தால் பறித்து வெளியே எறிந்துவிடுவது என்று முடிவு செய்தாள். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

அந்த நேரம் எஸ்பியர்க் நகரிலிருந்து ஒரு வான் வண்டி நிறையச் சனம் வந்து வாசலில் நின்றது. உட்கார இடமில்லை. தலைவர் பேச்சை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலால் பின்பக்கம் பார்த்தார்.

"சபா அண்ணை, பின்னறையிலை இருந்து கொஞ்சக் கதிரை எடுத்துப் போடுங்கோ."

ஒலிவாங்கியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது.

தலைவருக்கே அது தன் காதில் விழுந்து விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு அவர் பெட்டியைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

சாரங்கி எழும்ப முதல் அம்மா எழும்பிவிட்டாள். ஆக்கள் பார்ப்பார்கள் என்றே வாழ்நாள் முழுக்கப் பயந்தவள்.

"அவர் இனி வரமாட்டார்," என்றாள். "நீங்களே போய் எடுங்கோ."

"அக்கா, நான் ஏதோ பழக்கத்திலை..."

"ஓம். எல்லாருக்கும் பழக்கம்தான். போய் எடுங்கோ."

செயலாளர் உதவிக்கு எழுந்தார். அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார். தலைவர் பொன்னாடையை மேசையில் வைத்துவிட்டுப் பின்னறைக்கு நடந்தார். பெட்டியருகே நின்ற, ஈமச்சடங்கு ஒழுங்குசெய்த டேனிஷ்காரர் இதுவும் சடங்கில் ஒன்று என்று நினைத்தாரோ என்னவோ, மரியாதையாகத் தலையைக் குனிந்தார்.

சாரங்கி பெட்டியருகே போனாள். குனிந்து, அப்பாவின் காதோடு சொன்னாள்.

"நீங்க சொன்னவன்தான், அப்பா. முதல் அணி."

பின்னால் ஒரு கதிரைக்கால் கதவு நிலையில் இடித்தது. அப்பா கைக்கு இரண்டாகத் தூக்கி வருவார், சத்தமே கேட்காது. தலைவர் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார், ஒவ்வொன்றும் இடித்தது. மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.