சிஹாபுதீன் பாய் குடுத்த பாட்டில்

எனக்குக் கோபம் வந்தா முதல்ல பாத்திரந்தான் சத்தம் போடும். ஜப்பான்காரன் நோட்டீஸ் வந்த அன்னிக்கு எங்க வீட்டுப் பாத்திரச் சத்தம் மலாக்காவுல எங்க கஜா பெராங் தெரு முழுக்கக் கேட்டிருக்கும். எங்க வீட்டுக்காரர் அப்பாசாமி வெள்ளிக்கிழமை காலையில தெங்கேரா பள்ளிக்கூடத்துக்கு வரணுமாம். உடம்பைச் சோதிச்சுப் பார்த்து, சரியா இருந்தா சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்புவாங்களாம். ரெண்டு மாசத்துக்கு முன்னால அப்படிப் போன சேதுராமன்கிட்டேர்ந்து இன்னிய வரைக்கும் ஒரு வரி கடுதாசி இல்ல. அவன் பொண்டாட்டி தினமும் ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னுட்டு வர்றா. எனக்கு அந்தக் கதி வேண்டாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். ஆனா அதை ஜப்பான்காரன்கிட்ட யாரு போய்ச் சொல்றது?

அவரு என்னடான்னா, "போய்ட்டு வந்துடறேன் அஞ்சலை"ன்னு ஏதோ சந்தைக்குப் போற மாதிரி சொல்லிட்டு, மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டு உட்கார்ந்திருந்தாரு. அரிசி இல்ல, எண்ணெய் இல்ல, சீனியைக் கண்ணால பார்த்தே வருஷம் ஆச்சு. ஆனா எங்க வீட்டுல குலா மலாக்காங்கிற தென்னை வெல்லத்துக்கு மட்டும் பஞ்சமே இல்ல. அவரு வேலை பார்த்தது தென்னந்தோப்புல, பாளைச்சாறு காய்ச்சுற கொட்டகையில. அடிப்பிடிச்சு உடைஞ்ச வெல்லக்கட்டியெல்லாம் வீட்டுக்கு வந்துடும். ஒரு வாய் கிழங்கு, ஒரு கடி வெல்லம், மேல ஒரு சொம்புத் தண்ணி. கொஞ்ச நாளா தண்ணி குடிக்கிறது அதிகமாத்தான் இருந்துச்சு. சும்மா சும்மா கொல்லைக்கும் ஓடிட்டிருந்தாரு. சயாம் பேரைக் கேட்டாலே அவனவனுக்கு வயித்தைக் கலக்குற காலம், இவருக்கும் பயந்தான்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அப்பத்தான் டிரெஸ்ஸர் நல்லையா சொன்னாரு, மூத்திரத்துல சர்க்கரை இருந்தா அந்த ஆளை வேண்டாம்னு அனுப்பிடுவாங்கன்னு. நல்லையா யாழ்ப்பாணத்து மனுஷர், ஆஸ்பத்திரியில டாக்டருக்குக் கூடமாட மருந்து போடுற வேலை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துல மூத்திரம் சோதிக்கப் போறவரே அவருதான். எங்க ஆளுக்கு இருக்குன்னு எழுதிடுங்கய்யான்னு கையைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். அந்த மனுஷன் வெலவெலத்துப் போயிட்டாரு. ஜப்பான் டாக்டர் பக்கத்துலயே நிக்கிறான், கண்ணாடிக் குழாய்ல நீல மருந்து ஊத்திக் காய்ச்சினா நிறம் மாறுறது அவனுக்கும் தெரியும், என் கழுத்தை நம்பியும் ஒரு பொண்டாட்டி இருக்கான்னு சொல்லிட்டு நகர்ந்துட்டாரு.

எழுத மாட்டாரு, சரி. நிறம் மாறினாப் போதுந்தானே? உடனே எனக்குப் பக்கத்து ஜவுளிக்கடை சிஹாபுதீன் பாய் ஞாபகம் வந்துட்டாரு. மலாக்காவுலயே பேர் பெத்த சர்க்கரை நோயாளி அவரு. சண்டைக்கு முன்னால பீப்பாய் மாதிரி இருப்பாரு. ராத்திரி ஆறு தடவை எழுந்திருப்பாரு. அவரு வீட்டுக் கக்கூஸ்ல எறும்புக்குத் தினமும் பெருநாள். ஏன் அப்படின்னு நல்லையா ஒரு நாள் கடை வாசல்ல நின்னு சொன்னது தெருவுக்கே தெரியும். இரைப்பைக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு படுத்துக் கெடக்காம். அதுல ஊறுற ஒரு சாறு, குழாய் கிழாய் எதுவும் இல்லாம நேரா ரத்தத்துல கலந்து, சர்க்கரையை உடம்பு பூரா எடுத்துக்குடுக்குமாம். அந்தச் சாறு சரியா வேலை செய்யலன்னா சர்க்கரை ரத்தத்துலயே தங்கிடும். இடுப்புக்கு மேல ரெண்டு பக்கமும் இருக்கிற சிறுநீரகம் அதை ஒரு அளவு வரைக்கும் தாங்கும், அளவு மீறிட்டா மூத்திரத்தோட வெளிய தள்ளிடும். சர்க்கரை போறப்போ தண்ணியையும் இழுத்துட்டுப் போகும், அதான் தாகம். இவ்வளவும் கேட்டுட்டு பாய், அப்ப என் உடம்புக்குள்ள வேலை செய்யற ஒரே ஆளு சிறுநீரகந்தான்னு சொன்னாரு.

நான் போய் விஷயத்தைச் சொன்னதும் பாய் சிரிச்ச சிரிப்புல அவரு பொண்டாட்டி மஜீதா அடுப்படியிலிருந்து ஓடி வந்துட்டா. "எடுத்துட்டுப் போ தங்கச்சி. கடையில துணிதான் இல்ல, இதுக்கு என்ன தட்டுப்பாடு"ன்னு சொல்லி, ஒரு பழைய இருமல் மருந்து பாட்டிலை அப்பவே நிரப்பிக் குடுத்தாரு.

நான் அவ்வளவு சுலபமா யாரையும் நம்புறவ இல்ல. கொட்டாங்கச்சியில கொஞ்சம் ஊத்தி எறும்புப் புத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டுக் காத்திருந்தேன். எறும்பு வந்துச்சு. மோந்து பார்த்துச்சு. சுத்திக்கிட்டுப் போயிடுச்சு. மறுநாளும் புதுசா வாங்கி வெச்சுப் பார்த்தேன், அதே கதைதான். அப்பத்தான் பாயை நல்லாப் பார்த்தேன். பீப்பாய் எங்க போச்சு? சோறு கிடையாது, பஸ் கிடையாது, மீன் வாங்க உஜோங் பாசிர் வரைக்கும் நடை. கைலி இடுப்புல நிக்காம கயிறு போட்டுக் கட்டியிருந்தாரு. பட்டினி கிடந்து மனுஷன் குணமாயிட்டாரு. வேற நேரமா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். அன்னிக்கு எனக்கு வந்த ஆத்திரத்துல, உங்களை நம்பினேன் பாருன்னு பாயைத் திட்டிட்டு வந்தேன். பாவம், அவரும் மன்னிப்புக் கேட்டாரு.

வெள்ளிக்கிழமை விடிஞ்சப்போ வேற வழி இல்ல. வீட்டு வெல்லப் பானையிலேர்ந்து பாக்களவு எடுத்து நுணுக்கி, பாய் குடுத்த பாட்டில்ல போட்டுக் குலுக்கினேன். கொட்டாங்கச்சியில கொஞ்சம் ஊத்தி வெச்சேன். எறும்பு வரிசை கட்டி வந்துச்சு பாருங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தேங்காய் நாரைச் சுருட்டி மூடியா அடைச்சு, அவரு இடுப்புல சொருகி அனுப்பினேன். கொல்லைக்குப் போனதும் குவளையில இதை ஊத்திக் குடுத்துடணும்னு மூணு தடவை சொன்னேன்.

அவரு வர்ற வரைக்கும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வெயில் சாயுறப்போ தெருமுனையில அவரு தலை தெரிஞ்சுச்சு. தனியா வர்றாரு, பின்னால சிப்பாய் யாரும் இல்ல. பேரை அடிச்சுட்டாங்க, மருந்து செங்கல் நிறமா மாறிடுச்சுன்னு சொன்னாரு. கட்டின புருஷனை நடுத்தெருவுல கட்டிப் பிடிச்சது அன்னிக்கு ஒரு தடவைதான். அப்புறம் என்ன, மஜீதாகிட்ட ஒரு தடவை, தண்ணிக்குழாய்கிட்ட ஒரு தடவை, என் மூளையைப் பத்தி நானே சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. அவரு மட்டும் இடுப்பைச் சொறிஞ்சுக்கிட்டிருந்தாரு.

சாயங்காலம் நல்லையா வந்தாரு. வந்ததும் வராததுமா அவரையும் விடாம ஆரம்பிச்சேன், எப்படி உங்க கண்ணுலயே மண்ணைத் தூவினோம் பார்த்தீங்களான்னு. வெல்லம் கலந்த கதையையும் சொன்னேன். அவரு சிரிக்கல. மிச்சம் இருக்கான்னு கேட்டாரு. கொட்டாங்கச்சியில இருந்ததை எறும்பைத் தட்டிவிட்டுக் குடுத்தேன். பையிலிருந்து குழாயும் நீல மருந்தும் எடுத்து என் அடுப்புலயே காய்ச்சினாரு. கொதிச்சுச்சு. நீலம் லேசாப் பச்சையடிச்சுச்சு, அவ்வளவுதான். சிவப்பு வரவே இல்ல.

"பிள்ளை, இது வெல்லச் சர்க்கரை. உடம்பு வெளிய விடுறது வேற சர்க்கரை. இந்த மருந்து அதைத்தான் பிடிக்கும். எறும்புக்கு ரெண்டும் ஒண்டுதான். இதைக் குடுத்திருந்தா உன்ர மனுஷன் இப்ப ரயில்ல இருப்பார்" அப்படின்னாரு.

அப்ப செங்கல் நிறம் எப்படி வந்துச்சுன்னு எங்க வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவரு தலையைத் தொங்கப் போட்டுட்டு மெதுவா சொன்னாரு. பள்ளிக்கூட மாமரத்தடியில வரிசை நின்னுச்சாம். நார் மூடி ஒழுகியிருக்கு. மரத்துல இருந்த சிவப்பெறும்பு மொத்தமும் இவரு இடுப்புக்கு இறங்கிடுச்சு. தாங்க முடியாம குதிச்ச குதியில பாட்டில் சாக்கடையில விழுந்து உடைஞ்சு போச்சு. சிப்பாய் சிரிச்சுட்டு குவளையைக் கையில திணிச்சானாம். வேற வழியில்லாம சொந்தச் சரக்கையே குடுத்திருக்காரு.

சிவந்தது அதுதான். தண்ணித் தாகமும், கொல்லைக்கு ஓடினதும் பயம் இல்ல, சர்க்கரை. என் கண்ணு முன்னாலயே நடந்திருக்கு, பாயோட சர்க்கரையைத் தேடிப் போன எனக்கு இவரோடது தெரியல.

"ஏன் வந்ததுமே சொல்லல?"ன்னு கேட்டேன்.

"அவ்வளவு சந்தோஷமா இருந்தே. கெடுக்க மனசு வரல"ன்னாரு.

அழுகை வந்துச்சு, அழுதேன். நல்லையா சாவகாசமா எழுந்து, பயப்படாதே, ஆரம்பந்தான், வெல்லத்தை நிறுத்தி, கிழங்கைக் குறைச்சு, கீரையும் மீனும் குடுத்து நடக்க வைன்னு சொன்னாரு. அதுக்கு வாத்தியார் பக்கத்து வீட்டுலயே இருக்காருன்னு பாயைக் காட்டினாரு. வாசல்ல நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டிருந்த பாய், நாளைக் காலையில உஜோங் பாசிருக்குக் கிளம்பிடலாம் தம்பின்னு அப்பவே கூப்பிட்டுட்டாரு. அப்படியே, எனக்குத்தான் குணமாயிடுச்சே, அந்த வெல்லப் பானை வீணாப் போகுமேன்னு மெல்ல இழுத்தாரு. நல்லையா முறைச்ச முறைப்புல வாயை மூடிக்கிட்டாரு. பானையைத் தூக்கிட்டுப் போய்ச் சேதுராமன் பொண்டாட்டி புள்ளைங்களுக்குக் குடுத்துட்டு வந்தேன்.

அன்னிக்குச் சாப்பாட்டுக்குத் தட்டுல பாதிக் கிழங்கும் ஒரு குவியல் கீரையும் வெச்சேன். அவரு பழக்க தோஷத்துல பானை இருந்த இடத்துக்குக் கையை நீட்டினாரு. கரண்டியால ஒண்ணு போட்டேன்.

"சயாமுக்கே குடுக்காத ஆளு நீங்க. வெல்லத்துக்கா குடுப்பேன்? கீரையைச் சாப்பிடுங்க"ன்னேன்.

சாப்பிட்டாரு.