காணாமல் போன புள்ளி

வலைப்பக்கம் செய்து பிழைக்கிற தங்கைக்கு ஒரு கெட்ட பழக்கம். தன் கணினியில் அழகாகத் தெரிந்துவிட்டால் உலகம் முழுக்க அப்படியே தெரியும் என்று நினைத்துக்கொள்வாள். அக்காவுக்குச் செய்து கொடுத்த பக்கத்திலும் அந்தப் பழக்கம்தான் காலை வாரியது.

பள்ளிக்கூடம் போகாத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தர வேண்டும் என்பது அக்காவின் வெகுநாள் ஆசை. மாடி அறையைத் தர வீட்டுச் சொந்தக்காரர் சம்மதித்திருந்தார். இந்த மாதத்துக்குள் ஒரே ஓர் ஆளாவது சேர வேண்டும். இல்லாவிட்டால் அறை வேறொருவருக்குப் போய்விடும்.

தங்கை எழுத்தின் வடிவத்துக்குப் பார்த்துப் பார்த்து ஒரு ஃபான்ட்டைத் தேர்ந்தெடுத்தாள். தலைப்பு வண்ணப் பட்டைக்குள் கச்சிதமாக உட்காரட்டும் என்று வரி உயரத்தை இறுக்கினாள். பட்டைக்கு வெளியே நீட்டுவதை மறைத்துவிடச் சொல்லியும் ஒரு கட்டளை எழுதினாள். ‘பெரியவர்களுக்கு மாலைக் கல்வி’ அம்சமாக வந்திருந்தது. அவள் கணினியில்!

மறுநாள் மாமா, அதாவது அக்காவின் கணவர், விழுந்து விழுந்து சிரித்தபடி போனை நீட்டினார்.

“ஏம்மா, உங்க அக்கா என்ன சொல்லித் தரப்போறான்னு ஊருக்கே சொல்லிட்டியே!”

தங்கை வாங்கிப் பார்த்தாள். அந்த ஃபான்ட் அவள் கணினியில் மட்டும்தான் இருந்தது. பக்கத்தோடு சேர்த்து அனுப்ப மறந்திருந்தாள். போன் தன்னிடமிருந்த வேறு எழுத்தைப் போட்டுக்கொண்டது. அது கொஞ்சம் உயரம். இறுக்கிய வரியில் தலை தட்டி, புள்ளியெல்லாம் போயே போயிருந்தது. ‘மாலைக கலவி’ என்று, அதுவும் பெரியவர்களுக்கு, கொட்டை எழுத்தில்! கீழே அக்காவின் போன் நம்பர் வேறு. யாரோ புண்ணியவான் அதைப் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான்.

அக்கா திட்டவில்லை. “விடுடி. அறையே வேணாம்னு சொல்லிடறேன்” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தங்கை தாங்கியிருப்பாள்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. வரியைத் தாராளமாகத் தளர்த்தினாள். மறைக்கும் கட்டளையை அழித்தாள். ஃபான்ட்டைப் பக்கத்தோடு சேர்த்தாள். வீட்டிலிருந்த எல்லாருடைய போனையும் பிடுங்கித் திறந்து பார்த்தாள். புள்ளிகள் திரும்பிவிட்டன. போன மானம் திரும்புமா?

அப்போது அக்காவின் போன் அடித்தது. கேலி பேசத்தான் இருக்கும் என்று அக்கா எடுக்கவில்லை. வந்தது வரட்டும் என்று தங்கை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

“சலவைக் கடையில வேலை பாக்கறேம்மா. எங்க கடையில எல்லாரும் உங்க படத்தைப் பாத்து அப்படிச் சிரிச்சாங்க. நானும் சேந்து சிரிச்சேன்.”

“சரி, இப்ப என்ன வேணும் உங்களுக்கு?” தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“எதுக்குச் சிரிச்சாங்கன்னு எனக்குத் தெரியலம்மா. எனக்கு நம்பர் மட்டும்தான் படிக்க வரும். என்ன போட்டிருக்குன்னு கேட்டேன், படிக்கச் சொல்லித் தர்ற இடமாம்னு மட்டும் சொன்னாங்க. மத்ததைக் கேக்க வெக்கமா இருந்துச்சு. தெரியாமலே சிரிச்சு சிரிச்சு அலுத்துப்போச்சு. என்னைச் சேத்துப்பீங்களா?”

அக்கா போனைப் பறித்தாள்.

“நாளைக்கே வாங்க. முதல் பாடமே புள்ளிதான்.”

“அப்போ அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு நீங்க சொல்லிடுவீங்களா?”

அக்காவின் முகம் காது வரைக்கும் சிவந்தது.

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுச் சிரிங்க.”