சக்கரத்தைப் பிரித்த ஞாயிறு

நவநீதன் இருபத்து நான்கு வருஷம் பட்டாளத்தில் இருந்தவன். அத்தனை வருஷத்தில் விரிஞ்சிபுரம் வீட்டில் அவன் ஒரு நாளாவது அசந்து தூங்கியதை அவன் மனைவி சம்பூர்ணம் பார்த்ததில்லை. லீவுக்கு வந்தால் கறுப்பு இரும்புப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவான். அதன் பூட்டைத் திறக்கமாட்டான். தோள்பையில் இருக்கிற நாலு துணியிலேயே மாசத்தை ஓட்டிவிடுவான். படுத்தால் ஒரு கண் மூடும், இன்னொரு கண் ரயிலுக்கு நேரமாச்சா என்று பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு டம்ளர் உருண்டால் போதும், எழுந்து நிற்பான்.

இந்தத் தை மாசம் ஹவில்தாராக ஓய்வுபெற்று மொத்தமாக வருகிறான். வந்தவன் திரும்பிப் போகிற நினைப்பில்லாமல், அடித்துப்போட்டாற்போல் தூங்க வேண்டும். சம்பூர்ணம் கேட்டது அவ்வளவுதான். சின்ன ஆசைதான், ஆனால் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக நிறைவேறாத ஆசை. அதற்காகத்தான் அவள் தன் கையாலேயே ஒட்டுப்போர்வை ஒன்று தைக்க உட்கார்ந்தாள். பட்டாளத்துக்காரனுக்குத் தைக்கிற போர்வை வேறு எந்த நிறத்தில் இருக்கும்? கொடி நிறம்தான். மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை.

துணி பொறுக்குவதில் மட்டும் அவளை யாரும் அசைக்க முடியாது. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் சேர்ந்து, இப்போது ஷேடு பார்க்கிற மேஜைக்கு வந்திருப்பவள். இடது காலுக்கு வெட்டிய தோலும் வலது காலுக்கு வெட்டியதும் ஒரே நிறம்தானா என்று பார்த்து ஜோடி சேர்ப்பது அவள் வேலை. டியூப்லைட் வெளிச்சம் பொய் சொல்லும், அதனால் வடக்கு ஜன்னல் ஓரமாகத்தான் மேஜை போட்டிருப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்த மேஜையில் தோலை ஒதுக்கிவிட்டுத் துணியைப் பரப்பினாள். கூட உட்கார்ந்து கருத்து சொன்னவள், முன்பு பக்கத்து மெஷினில் இருந்த தில்ஷாத். கேட்டாலும் சொல்வாள், கேட்காவிட்டாலும் சொல்வாள்.

“அரே சம்பூ, இது காவியா? ஜிலேபி மாதிரி இருக்குது.”

“தனியா பாக்காதக்கா. இந்த மாம்பழக் கலரு பக்கத்துல வெச்சிப் பாரு.”

பக்கத்தில் வைத்ததும் ஜிலேபி அடங்கிக் காவியானது. தில்ஷாத் உதட்டைப் பிதுக்கினாள், ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். காவிக்குப் பன்னிரண்டு துண்டு சேர்ந்தது. மகள் சங்கீதாவின் பழைய தாவணி, எதிர்வீட்டுக்காரி கொடுத்த ஜாக்கெட் துணி, சாயம்போன ஜன்னல் திரை. கோயிலுக்குக் கட்டிய சிவப்புச் சேலையை மட்டும் அவள் சேர்க்கவில்லை. சிவப்பு வந்தால் பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் தின்றுவிடும் என்றாள்.

அதிகம் படுத்தியது வெள்ளை. அவனுடைய கல்யாண வேட்டி பழுத்துப்போய் மோர் நிறத்தில் இருந்தது. சங்கீதாவின் பள்ளிக்கூடச் சட்டை நீலம் போட்டுப் போட்டு நீலத்தையே குடித்திருந்தது. இரண்டையும் ஒட்டவைத்தால் வேட்டி அழுக்காகத் தெரிந்தது. ரெண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டாள். பிறகு மோர் நிறத்தை நடுவில் வைத்து, பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டே போகிற மாதிரி அடுக்கினாள். இடப்பக்கம் எந்த வெள்ளையோ அதே வெள்ளை வலப்பக்கமும். ஜோடி சேர்த்தே பழகிய கை. பச்சைக்குத் தில்ஷாத் தன் துப்பட்டா ஒன்றைக் கொண்டுவந்து போட்டாள். மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடியின் இலை நிறம்.

“இது இல்லாம உன் கொடி பறக்குமா?” என்றாள்.

பட்டைகளை வீட்டு மெஷினில் இணைத்தாயிற்று. சக்கரத்தைக் கையால் போட்டாள். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, உள்ளே இருபத்து நான்கு ஆரம் இழுத்தாள். அவன் சர்வீஸும் இருபத்து நான்கு வருஷம். அந்தப் பொருத்தம் தெரிந்ததும் அவளுக்குக் கை நிற்கவில்லை. ஆரத்துக்கு ஒரு வருஷம் என்று எண்ணிக்கொண்டே, கம்பெனி ஊசியால் தடித்த நீல நூலில் தைத்தாள். தோல் தைக்கிற ஊசிக்கு முனை மூன்று பட்டையாக இருக்கும். அது இழையை விலக்காது, அறுத்துக்கொண்டு போகும்.

“துணிக்குத் துணி ஊசிய எட்றி. ஓட்டை ஓட்டையா நிக்கும்” என்றாள் தில்ஷாத்.

“பிரிச்சாதான தெரியும்? நான் எதுக்குப் பிரிக்கப்போறேன்?”

தோல்காரர்கள் பேச்சு அது. தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். தப்பாகத் தைத்தால் அந்தத் துண்டையே தூக்கிப்போட வேண்டும். பிரித்துத் தைப்பது என்பது பதினெட்டு வருஷமாக அவள் கைக்குத் தெரியாத வேலை.

நவநீதன் வந்தான். பெட்டி வழக்கம்போல் கட்டிலுக்கடியில் போனது. குளித்துவிட்டு வந்தவன் கட்டிலில் விரித்திருந்த போர்வையைப் பார்த்தான். பார்த்தபடியே நின்றான். துண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் தொட்டுப் பார்ப்பான், ‘எப்ப தச்ச’ என்று கேட்பான், எதற்கு எந்தத் துணி என்று சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் குனிந்து இரண்டு முனையைப் பிடித்து, காவி மேலே வர, நாலாக மடித்தான். ஒரு சுருக்கம் இல்லை. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்தில், மேல் தட்டில் வைத்தான்.

“இத போத்திக்கக் கூடாது, சம்பூர்ணம்.”

“ஏங்க?”

“கூடாது. சட்டமே இருக்குது.”

பாயை உதறி வாசல் பக்கம் போட்டுப் படுத்துக்கொண்டான், லீவில் வந்தவன் மாதிரியே. சம்பூர்ணத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று மாசம் கண்ணைக் கொடுத்துத் தைத்ததைச் சர்க்கார் சாமானைப்போல எடுத்து வைத்துவிட்டானே என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் தில்ஷாத்திடம் புலம்பினாள். தில்ஷாத் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

“சம்பூ, பட்டாளத்துக்காரங்க மேல அந்தத் துணிய எப்படிப் போத்துவாங்கன்னு நெனச்சிப் பாத்தியா?”

சம்பூர்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஒடுகத்தூர் அருணகிரி. நவநீதனின் கூட்டாளி, எல்லையில் செத்துப்போனவன். அவன் சவப்பெட்டியோடு ஒடுகத்தூர் வந்தவர்களில் நவநீதனும் ஒருத்தன். டிவியில் காட்டினார்கள், அவளும் பார்த்தாள். புருஷன் இளைத்துப்போயிருக்கிறானே என்று அவன் முகத்தையே பார்த்தவள், அவன் தோளில் இருந்த பெட்டியின்மேல் என்ன போர்த்தியிருந்தது என்று பார்க்கவில்லை. அதையே தைத்து அவன் கட்டிலில் விரித்து வைத்திருக்கிறாள். அவளுக்கு உடம்பே கூசியது. பஸ் பள்ளிகொண்டா தாண்டும்வரை தலையைத் தூக்கவில்லை.

“தப்புப் பண்ணிட்டேன்க்கா. இனிமே இன்னா செய்யிறது?”

“பேஜாரா போச்சு உன்னோட. அது தோலாடி? துணி. பிரி.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்வையை எடுத்து முற்றத்தில் வெயிலில் விரித்தாள். நூல் வெட்டுகிற சின்னக் கத்தரியைக் கையில் எடுத்தவள், எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நவநீதன் எதிரே வந்து சம்மணம் போட்டான்.

“பிரிக்கலாமில்லங்க? அதுவும் குத்தமா?”

அவன் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தான். “சக்கரம் இருக்கிற வரைக்கும் எனக்கு அது கொடி. சக்கரத்த எடுத்துட்டு, வரிசைய மாத்திடு. அப்புறம் நீ தச்ச போர்வை.” கத்தரியை வாங்கிக்கொண்டான். “கொடு, நான் எடுக்கிறேன். எங்கேருந்து?”

“மேலேருந்து. அதுதான் நீங்க பட்டாளத்துல சேந்த வருஷம்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் ஆரக் கணக்கைச் சொன்னாள். முதல் இரண்டும் தன் கணக்கில் இல்லை, அவன் அம்மா கணக்கு என்றாள். அவன் சிரித்தபடி அந்த இரண்டையும் பிரித்தான். மூன்றாவது கல்யாணம். நாலாவது சங்கீதா பிறந்தது.

“ஏழு மாசக் கொழந்தையா இருந்தப்ப வந்தீங்க. உங்களப் பாத்து வீறிட்டு அழுதா.”

“மீசையப் பாத்து அழுதா.”

“ஆளப் பாத்துதான் அழுதா.”

நூல் ஒவ்வொன்றாக வந்தது. அவன் கேட்கவில்லை, அவளே சொல்லிக்கொண்டு போனாள். கம்பெனியில் சேர்ந்தது, அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன், சங்கீதா சைக்கிளில் விழுந்து கை முறிந்தது. லீவுக்கு வந்தபோதெல்லாம் நல்ல சேதி மட்டும் சொல்லி அனுப்பியவள், மிச்சத்தை எல்லாம் இப்போது சொன்னாள். பதினேழாவது ஆரத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

“இது?” என்றான்.

“ஒடுகத்தூர் வரைக்கும் வந்தீங்களே, அந்த வருஷம்.”

கத்தரி நின்றது. ஒடுகத்தூரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்திருக்கலாம். அவன் வரவில்லை. அவள் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. எட்டு வருஷமாக அது வீட்டுக்குள் ஒரு ஆள் மாதிரி இருந்தது.

“அருணகிரி அம்மா என் கையப் புடிச்சிக்கினு விடவே இல்ல” என்றான் நவநீதன். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “அந்தக் கையோட வந்து உன் கையால சோறு வாங்கித் துன்ன எனக்கு மனசு வரல. அங்கேருந்தே ரயிலேறிட்டேன். அதுக்கு முன்னாடி ரயிலு நெனப்புதான் தூங்க விடாது. அப்புறம் எப்ப கண்ண மூடினாலும், யாரோ கூப்பிடப்போறாங்கன்னே இருக்கும்.”

இத்தனை வருஷமாகக் கோபம் என்று நினைத்து வைத்திருந்தது கோபமில்லை, ஏக்கம்தான் என்று சம்பூர்ணத்துக்கு இப்போது தெரிந்தது. அவன் பிடித்திருந்த நூலின் மறுமுனையை இழுத்தாள். இருவருமாகப் பதினேழாவதை எடுத்தார்கள்.

“அடுத்தது சொல்லு” என்றான்.

இருபத்தொன்றாவது, பாலாற்றில் வெள்ளம் வந்து தரைப்பாலம் மூழ்கிய வருஷம். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர், அவள் முதலில் பரண்மேல் ஏற்றியது அவனுடைய கல்யாண வேட்டியை. அந்த வேட்டிதான் இப்போது அவன் முட்டிக்குக் கீழே மோர் நிறத்தில் விரிந்திருந்தது. அதை அவன் உள்ளங்கையால் ஒரு தடவை தடவினான்.

கடைசி நூலும் வந்ததும் துணியைத் தூக்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தான். தோல் ஊசி தன் வேலையைக் காட்டியிருந்தது. பொட்டுப் பொட்டாக இருபத்து நான்கு வரிசை வெளிச்சம்.

“தொவச்சாலும் மூடாது” என்றாள் அவள், வெட்கமாக. “தில்ஷாத்தக்கா அப்பவே சொல்லிச்சி.”

“இருந்துட்டுப் போவட்டும்.”

பட்டைகளையும் பிரித்தார்கள். மூன்று நிறத்தையும் கலந்து அடுக்குவதில் அவன் பெரிய ஆளாக மூக்கை நுழைத்தான். காவிக்கு ஒட்டிக் கரும்பச்சையை வைத்தான். “கண்ணு எரியுது, நடுவுல ஒரு வெள்ளையப் போடுங்க” என்று அதட்டினாள். ஹவில்தார் மறுபேச்சில்லாமல் வெள்ளையைப் போட்டான். வேட்டித் துண்டுகள் நாலு திசைக்கும் போயின. அவற்றின் பொட்டு ஓட்டைகளும் கூடவே போயின.

“உள்ளாற வைக்கிறதுக்கு கனமா ஏதாச்சும் வேணும்” என்றாள்.

நவநீதன் உள்ளே போனான். கட்டிலுக்கடியிலிருந்து பெட்டி தரையில் உரசுகிற சத்தமும் பூட்டுத் திறக்கிற சத்தமும் கேட்டன. சாம்பல் நிறப் பட்டாளக் கம்பளியோடு வெளியே வந்தான். சம்பூர்ணம் அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பெட்டி மூடி திறந்தே கிடந்தது.

தைத்து முடிக்க இன்னும் மூன்று ஞாயிறு பிடித்தது. இந்தத் தடவை துணி ஊசி. நாலாவது ஞாயிறு மதியம், குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அவன் அந்தப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தான். சாப்பாடு எடுத்துவைத்துக் கூப்பிட்டாள், அவன் எழுந்து வரவில்லை. அடுப்படியில் தட்டு ஒன்று கைநழுவித் தரையில் விழுந்து உருண்டு அதிர்ந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவன் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, தன் புருஷன் குறட்டை விடுவான் என்பது அன்றைக்குத்தான் சம்பூர்ணத்துக்குத் தெரிந்தது.