முழுக் கரண்ட்

ஒச்சாயி அந்தப் பெடலை முதன்முதலில் மிதித்தபோது மிஷின் அலறிய அலறலில் அடுப்படியிலிருந்த மதினி செல்லத்தாய் கரண்டியோடு ஓடி வந்தாள். ஒச்சாயி பயப்படவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனையூரில் அவர்கள் வீட்டில் இருந்தது காலால் மிதிக்கும் பழைய மிஷின்தான். யூனுஸ் பாய் அதில் சின்ன மோட்டார் ஒன்றை மாட்டி, தரையில் வைக்கும் பெடலையும் கொடுத்து, ஓட்டிப் பழகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மதுரை டவுனில் அவருக்குத் தையல் மிஷின் கடை. சித்திரைப் பொருட்காட்சியில் ஸ்டால் எடுத்திருந்தார். அங்கே சனங்கள் பார்க்க, மோட்டார் மிஷினில் ஒரு தொட்டில் மெத்தையின் மேல் மயில் தைத்துக் காட்ட வேண்டும். காட்டினால், மிஷின் வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அவளுக்கு. காட்டாவிட்டால் மோட்டாரும் போகும், வேலையும் போகும்.

பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். கல்லூரி ஆய்வகத்தில் எல்லோருக்கும் பின்னால் நின்று எட்டிப் பார்த்துப் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. சொல்லிக்கொடுக்கிற வேலைக்கு முதலில் வாய் வேண்டுமே என்று அண்ணன் காளை கேலி செய்தான்.

மெத்தை என்றால் இரண்டு துணிக்கு நடுவே பஞ்சு பரப்பியது. அதன்மேல் மயில் போடுவதற்கு, துணியை அமுக்கும் பாதத்தைக் கழற்றிவிட வேண்டும். துணியை இழுக்கும் பல்லையும் இறக்கிவிட வேண்டும். அப்புறம் துணி தானாக நகராது. கை இழுத்த பக்கம் போகும். ஊசி வேகமாகக் குத்தி, கை மெதுவாகப் போனால் தையல் ஒரே இடத்தில் குவிந்து நூல் அறும். கை வேகமாகப் போய் ஊசி பின்தங்கினால் தையல் தவளை மாதிரி தாண்டித் தாண்டி விழும். இரண்டும் சேர்ந்து போக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். அந்த அவ்வளவுதான் அவளைச் சோறு தின்ன விடவில்லை.

பகலெல்லாம் மாட்டு வேலையும் வீட்டு வேலையும். விளக்கு வைத்த பிறகுதான் மிஷினில் உட்காருவாள். பெடலைப் பாதிக்கு அமுக்கி அப்படியே நிறுத்திக்கொண்டு கையை மட்டும் ஓட்டுவது என்று கண்டுபிடித்ததும் மயிலின் கழுத்து வந்தது. பிறகு கொண்டை வந்தது. தோகை வந்த அன்று மதினி மெத்தையைத் தூக்கிப் பார்த்து, "இதுல படுக்கிறதுக்காகவே இன்னொன்னு பெத்துக்கிறலாம் போலயே" என்றாள்.

பொருட்காட்சிக்கு இருவரும் பஸ்ஸில் போனார்கள். மைதானத்தில் ஜெனரேட்டர் தடதடத்தது. அழகரைப் பார்க்க வந்த ஊர்சனம் முழுக்க அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டாலில் அதே மாதிரி மோட்டார் மாட்டிய மிஷினில், புது மெத்தையோடு அவள் உட்கார்ந்ததும் கூட்டம் நின்றது. யூனுஸ் பாய் மைக்கில் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. வீட்டில் மிதித்த அதே அளவுக்குப் பெடலை மிதித்தாள்.

ஊசி பாய்ந்தது. கை நகருவதற்குள் தையல் மொத்தமும் ஒரே இடத்தில் குவிந்து நூல் பட்டென்று அறுந்தது.

திரும்பக் கோத்து, பெடலை லேசாகத்தான் தொட்டாள். இந்த முறை ஊசியே ஒடிந்து முனை எங்கோ தெறித்தது.

"பாப்பா, அது தையல் மிஷினா, மோட்டார் பைக்கா?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். பின்னால் சிரித்தார்கள். யூனுஸ் பாய் மைக்கை அணைத்துவிட்டு அருகில் வந்தார். திட்டவில்லை. கொஞ்சம் எழுந்திரும்மா, இன்றைக்குக் கால்மிதி மிஷினையே காட்டிக்கொள்கிறேன் என்று தணிந்த குரலில் சொன்னார். மதினி அவள் காதுக்குள், "வீட்டுல ஆடு கணக்கா நடந்துச்சு, இங்க வந்து மாடு கணக்கா பாயுதே" என்றாள்.

ஒச்சாயிக்குக் கண்ணீர் முட்டியது. அதை மறைக்க அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே பல்பு எரிந்தது. பார்த்த மாத்திரத்தில் கண் கூசியது.

வீட்டுப் பல்பு கூசாது. விளக்கு வைத்த பிறகு ஆனையூரில் பல்புக்குள் இருக்கும் கம்பிச் சுருளை எண்ணலாம், செக்கச்செவேலென்று. தெரு முழுக்க ஒரே நேரத்தில் விளக்குப் போட்டால் அங்கே வருவது அரைக் கரண்ட். அரைக் கரண்டில்தான் அவள் பழகினாள். இங்கே வருவது முழுக் கரண்ட்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அண்ணே" என்றாள். ஸ்டாலுக்கு வயரிங் செய்திருந்த கருத்தக்கண்ணன் ஏணியடியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவன் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். தன் குரலா அது என்று இருந்தது. "அண்ணே, சீரியல் பல்பு போர்டு வச்சிருக்கீகளா? அதை நடுவுல போட்டு மோட்டாருக்குக் கரண்ட் குடுங்க. வேகம் கொறையும்."

அவன் பீடியை வாயிலிருந்து எடுத்தான். "அட, ஆமா" என்றான்.

மோட்டார் எரிந்துவிடுமா என்று பாய் பதறினார். குறைவாகத்தான் போகும், எரியாது என்று அவளே சொன்னாள். கருத்தக்கண்ணன் பைக்குள்ளிருந்து போர்டை எடுத்தான். வயர்க்காரர்கள் கரண்ட் சோதிக்க வைத்திருக்கும் பலகை அது; அதிலுள்ள பல்பைத் தாண்டித்தான் கரண்ட் மோட்டாருக்குப் போகும். அதில் இருநூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் திருகிப் பிளக்கைச் சொருகினான்.

மிதித்தாள். பல்பு மெல்லச் சிவந்தது. ஊசி நடந்தது.

கழுத்து வந்தது. தோகையில் பஞ்சு தடித்த இடத்தில் ஊசி திணறியபோது பல்பு பளிச்சென்று ஆயிற்று. மோட்டார் சிரமப்பட்டால் கரண்டை அதிகம் இழுக்கும். பல்பு அதைச் சொல்லிவிடுகிறது. அவள் ஓரக்கண்ணால் பல்பைப் பார்த்துக்கொண்டே கையைத் தளர்த்தினாள். பல்பு சிவந்தது. மறுபடி ஓட்டினாள். கூட்டத்துக்கும் அது பிடிபட்டுவிட்டது. பல்பு பளிச்சிடும்போதெல்லாம் "இந்தா, இந்தா" என்றார்கள். மோட்டார் பைக் என்றவன் முன்வரிசைக்கு வந்திருந்தான்.

மயில் முடிந்தது. ஒரு பெண் கையை நீட்டி அதன் தோகையைத் தடவிப் பார்த்தாள். ஆனால் யூனுஸ் பாய் முகத்தில் இன்னும் தெளிவு இல்லை.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா வாங்குறவுகளுக்கு நான் மிஷினோட பல்புமா குடுக்க முடியும்?"

அது சரியான கேள்வி. ஒச்சாயி மயிலைப் பார்த்தாள். சுற்றிலும் கொடி ஓட்டவேண்டிய ஓரம் வெறுமையாகக் கிடந்தது. வீட்டில் ஊசி மெதுவாக ஓடியது, கையும் மெதுவாக ஓடியது. ஊசி ஓடினால் கையும் ஓட வேண்டியதுதானே. இம்புட்டு நேரமும் ஊசியைத்தானே பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தோம்.

"பல்பு போர்டைக் கழட்டிருங்கண்ணே. நேரா முழுக் கரண்ட் குடுங்க."

"ஏய் புள்ள, வேணாம்" என்றாள் மதினி.

ஒச்சாயி செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைப் பெடலில் வைத்தாள். மெத்தையின் இரு பக்கமும் உள்ளங்கைகளை அழுந்தப் பதித்தாள். ஊசி கிளம்புவதற்கு முன்பே கை கிளம்பியது.

மிஷின் அலறியது. அவள் கை அதைவிட வேகமாக வளைந்தது, சுழன்றது, இலை போட்டது, திரும்பியது. மூச்சு விட மறந்திருந்தாள். ஒரு மூலையில் தையல் தாண்டியது. இன்னொரு மூலையில் குவியப் பார்த்தது. கையை உதறி இழுத்துத் தப்பினாள். நூல் அறவில்லை. கொடி நான்கு பக்கமும் சுற்றி வந்து தொடங்கிய இடத்தைத் தொட்டது. காலை எடுத்தாள்.

திடீரென்று ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மதினி, "என் சாமி" என்று மெத்தையை அள்ளினாள். கூட்டத்தில் இருவர் பாயிடம் மோட்டாரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார்கள்.

பாய் அவர்களைக் காக்க வைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு எப்ப வருவ?"

"வெள்ளனே வாரேன் பாய்" என்றாள் ஒச்சாயி. "ஊசி மட்டும் நெறையா எடுத்து வைங்க. இன்னும் ஒடிப்பேன்."