சீசருக்கு யாரைப் பிடிக்காது

சீசர் கடிக்கிற நாய் அல்ல. ஆனால் கல்முனையில் அதை நம்புவதற்குக் கிருபாமலரை விட்டால் ஆளில்லை. மாலையில் அவளுடைய கணவர் கிறிஸ்ரோபர் மாஸ்டர் அதைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வாசல் படலையைத் தாண்டினால் போதும், தெரு ஒதுங்கிக்கொள்ளும். மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவர், மெதடிஸ்த தேவாலயத்தில் பாடகர் குழுவின் தலைவர், யாரோடும் குரலை உயர்த்திக் கதைக்காதவர். அப்படிப்பட்டவருக்கு இப்படியொரு நாயா என்று ஆட்கள் வியந்தார்கள்.

சீசருக்குக் கண்ணிலேயே காட்டக்கூடாத மனிதர் அடுத்த ஒழுங்கையில் இருந்த மீராமுகைதீன். கடைத்தெருவில் கயிறும் வலையும் விற்பவர். அஸர் தொழுகைக்குப் போகும் நேரம் பார்த்து அது அவருடைய சாரனை நோக்கிப் பாயும். எச்சில் பட்டால் உடுப்பைக் கழுவி மாற்றாமல் தொழ முடியாது. அதனால் அவர் பள்ளிவாசலுக்குச் சுற்றுப் பாதையால் போகத் தொடங்கினார். அவருடைய மனைவி முனவ்வறா, கிருபாமலரோடு சேர்ந்து தைக்க வருகிறவள், அவளும் வரவை நிறுத்திக்கொண்டாள். அது தொண்ணூற்றாறாம் ஆண்டு, தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கசப்பு ஆறாத நேரம். ஒரு நாய் குரைத்தாலும் ஆள் பார்த்துக் குரைத்தது என்று ஊரில் கதை போகிற காலம்.

"நாய்க்கு என்ன தெரியும் மலர்? அதுட குணம் அப்படி" என்பார் மாஸ்டர்.

பிறகு மாஸ்டர் காய்ச்சலில் விழுந்தார். சீசரை வெளியே கொண்டுபோகும் வேலை கிருபாமலரின் தலையில் வந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் சங்கிலி ஏனோதானோவென்று தொங்க, ஒழுங்கை முடக்கில் திரும்பினால் எதிரே மீராமுகைதீன். கையில் அவருடைய ஆட்டின் கயிறு. திரும்பி ஓட இருவருக்கும் இடமில்லை. அவர் மதகுக் கட்டின் மேல் ஏறி நின்றுகொண்டார்.

சீசர் ஆட்டை மோந்து பார்த்தது. ஒரு தும்மல் தும்மியது. ஆடு தலை குனிந்து ஒரு முட்டு முட்டியதும் நாய் ஒதுங்கி வழிவிட்டது.

"இது அந்த நாய்தானா புள்ள?"

"அதேதான் காக்கா" என்றாள், அண்ணன் முறை வைத்து.

"மருந்து கிருந்து குடுத்தயா?"

கிருபாமலருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் மனதில் ஒரு சந்தேகம் அரித்தது.

காய்ச்சல் விட்டு மாஸ்டர் மறுபடி நாயோடு கிளம்பிய அன்று, சீனி வாங்கப் போகிற சாட்டில் அவள் பின்னாலே போனாள். முடக்கில் மீராமுகைதீனின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. மாஸ்டரின் நடை தளர்ந்தது. சங்கிலியைக் கையில் இறுக்கிச் சுற்றினார். கழுத்து விறைத்தது. சீசர் திரும்பி அவருடைய முகத்தை அண்ணாந்து பார்த்தது. அதன் பிறகுதான் குரைத்தது.

"நாய் உங்கட முகத்தப் பாத்துட்டுத்தான் குரைக்குது" என்றாள் வீட்டுக்கு வந்ததும். "அந்த மனிசனோட உங்களுக்கு என்ன கோவம்?"

"கோவமா? எனக்கா?" மாஸ்டர் போட்ட சத்தத்தில் முற்றத்தில் கிடந்த சீசர் எழும்பி நின்று குரைத்தது.

கடைசியில் விஷயம் வெளியே வந்தது. முந்தின வருஷம், கிறிஸ்மஸுக்கு முன்னால், மீராமுகைதீனின் ஆடு கொடியில் காய்ந்த மாஸ்டரின் காற்சட்டையை முழங்கால் வரைக்கும் தின்றுவிட்டது. அவர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டு, புதுத் துணியும் கொண்டுவந்து கொடுத்தார். "வாயில்லாத சீவன்தானே" என்று மாஸ்டர் சிரித்து அனுப்பினார். அந்தத் துணி இன்னும் தைக்காமல் அலுமாரியில் கிடக்கிறது.

"கோட்டோட சேர்ந்த காற்சட்டை மலர். இப்ப கோட் மட்டும் கிடக்கு."

கிருபாமலர் தலையில் கைவைத்துக்கொண்டாள். அடுத்த நாளே பயிற்சி தொடங்கியது, நாய்க்கு அல்ல, மாஸ்டருக்கு. சங்கிலியைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். மீராமுகைதீனைக் கண்டால் ஒரு கீர்த்தனையை முணுமுணுக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பாட முடியாது என்பது அவள் கணக்கு. முனவ்வறாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, அவளுடைய கணவரை முடக்குக்கு அனுப்பும்படி கேட்டுக்கொண்டாள்.

மாஸ்டர் பாடிக்கொண்டே வந்தார். சுருதி நடுங்கியது. மீராமுகைதீன் சற்றுத் தள்ளியே நின்று கேட்டார்:

"ஏன் மாஸ்டர், அந்தக் காச்சட்ட இன்னமும் மனசிலயா கிடந்த? அண்டைக்கே ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா நான் இவ்வளவு நாளும் ஊரச் சுத்தி நடந்திருக்க மாட்டனே!"

மாஸ்டரின் முகம் சிவந்தது. பிறகு, யாரும் எதிர்பாராமல், வயிறு குலுங்கச் சிரித்தார். சங்கிலி கையை விட்டு நழுவியது. சீசர் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து காதைச் சொறிந்துகொண்டது.

முனவ்வறா மறுபடி தைக்க வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் இருக்கும்போதே தேவாலயத்துப் போதகர் அவர்களைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். படலை திறந்ததுதான் தாமதம், தூங்கிக்கொண்டிருந்த சீசர் துள்ளி எழுந்து ஊரே கேட்கக் குரைத்தது. போதகர் படலைக்கு வெளியே பின்வாங்கினார். முனவ்வறா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கிருபாமலர் மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள்.

மாஸ்டர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு எழுந்து படலைக்குப் போனார்.

"உள்ள வாங்க ஐயா. பெரிய வெள்ளிப் பாட்ட என்னக் கேக்காம வேற ஆளுக்குக் குடுத்திட்டயள். அதப் பத்தி உங்களோட ஒரு சண்ட இருக்கு. மலர், தேத்தண்ணி ஊத்து."